துருப்பிடித்த பெட்ரோல் டேங்க்: பூச்சுக்கு முன்னால் உள்ள வேலை

பழைய வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே மூச்சுத் திணறுவது போல இழுத்து இழுத்து நிற்கும். ஐந்து நிமிடம் விட்டுக் கிளப்பினால் மறுபடி ஓடும். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினால் ஒரு வாரம் தாங்கும், பிறகு பழைய கதைதான். இப்படி இருந்தால் கார்புரேட்டரைத் திரும்பத் திரும்பப் பிரிப்பதை நிறுத்திவிட்டு டேங்க் மூடியைத் திறந்து உள்ளே பார்க்க வேண்டும். பவுடர் போன்ற துரு இறங்கி, பெட்ரோல் காக்கின் (டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய்) வலையை அடைத்திருக்கும். வலை வழியாகச் சொட்டுச் சொட்டாகத்தான் பெட்ரோல் இறங்கும். வண்டி நிற்கும் நேரத்தில் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃபிளோட் கிண்ணம் மெல்ல நிரம்புவதால்தான் மறுபடி கிளம்புகிறது. வலையைத் தாண்டிப் போன பொடி ஃபிளோட் நீடில் உட்காரும் இடத்தில் சிக்கினால் கார்புரேட்டர் வழியும். பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்குப் பக்கம்தான் இருக்கும். அது அடைபட்டால் வண்டி ஐடிலிங்கில் நிலைக்காமல் அணைந்துவிடும்.

முடிவு கட்டுவதற்கு முன் ஒரு சோதனை. வண்டி நின்ற உடனே மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, பிறகு வண்டி சரியாக ஓடினால் குற்றவாளி துரு அல்ல, மூடியில் இருக்கும் காற்றுத் துளை. அதை மெல்லிய கம்பியால் குத்திவிட்டால் போதும்.

டேங்க் துருப்பிடிப்பதற்கு மழைநீர் உள்ளே போக வேண்டியதில்லை. பாதி காலியாக நிற்கும் டேங்கில் மேல்பாதி முழுக்கக் காற்று. பகலில் சூடேறி விரிந்து வெளியேறும் காற்று, இரவில் குளிர்ந்து சுருங்கும்போது வெளியிலிருந்து ஈரக்காற்றாகத் திரும்பி வருகிறது. அந்த ஈரம் உட்சுவரில் வியர்த்து வழிந்து, பெட்ரோலைவிட எடை கூடியதால் அடியில் போய்த் தங்குகிறது. அதனால்தான் இரண்டு இடங்களில் துரு அதிகமாக இருக்கும்: பெட்ரோல் மட்டத்துக்கு மேலே கூரைப் பகுதியிலும், காக் இருக்கும் மடிப்பை ஒட்டிய மிகத் தாழ்வான இடத்திலும். எத்தனால் கலந்த பெட்ரோல் இன்னும் மோசம். எத்தனால் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலுமாகப் பிரிந்து அடியில் ஒரு அடுக்காக நிற்கும். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டிகளில் அடித்தகடு ஓட்டையாவது பெரும்பாலும் இப்படித்தான்.

முதலில் டேங்கின் நிலையைச் சரியாகக் கணிக்க வேண்டும். பெட்ரோலை வடித்துவிட்டு, எல்.இ.டி. டார்ச் வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள். மெல்லிய வயர் கேமரா கிடைத்தால் மூடிவாய்க்கு எட்டாத மூலைகளும் தெரியும். ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய படலமாக இருந்தால் மேலோட்டமான துரு. ஒரு நாள் வேலை. கரும்பழுப்பில் செதில் செதிலாக உரிந்தால் தகடு குழிவிழுந்திருக்கிறது. வெளிப்பெயின்ட் அடிப்பக்கத்தில் கொப்புளம் கொப்புளமாக எழுந்திருந்தால், துரு உள்ளிருந்து வெளிவரை வந்துவிட்டது என்று பொருள். அந்தக் கொப்புளத்தைக் கூரான ஊசியால் அழுத்திப் பாருங்கள். ஊசி இறங்கினால், டேங்குக்குள் ஊற்றிப் படரவிடும் காப்புப் பூச்சு அந்தத் தகட்டைக் காப்பாற்றாது. தகடு வெட்டி ஒட்டும் வேலை அது. உள்ளே சிவப்பாகவோ வெள்ளையாகவோ தோல் போல ஏதாவது உரிந்து தொங்கினால், யாரோ முன்பே பூச்சுப் பூசியிருக்கிறார்கள். பழைய பூச்சு முழுக்க வெளியே வராமல் புதிதாக எதையும் ஊற்றக் கூடாது. பழைய வினைல் வகைப் பூச்சு அசிட்டோனிலோ எம்.இ.கே. (மெத்தில் எத்தில் கீட்டோன்) என்ற கரைப்பானிலோ ஊறி, வழுவழுப்பாகிக் கரைந்து வரும். இறுகிய எபாக்சி அதற்கு அசையாது.

வேலையில் இறங்குமுன் பாதுகாப்பு. நிரம்பிய டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்தானது. காற்றில் பெட்ரோல் ஆவி 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். நிரம்பிய டேங்குக்குள் ஆவி அதைவிட அடர்த்தி. வடித்த டேங்கில்தான் சரியாக அந்த அளவுக்கு வந்து நிற்கிறது. ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். ஆகவே திறந்தவெளியில், அடுப்பும் ஃப்ரிட்ஜும் மோட்டாரும் அருகில் இல்லாத இடத்தில்தான் வேலை. வருடக்கணக்கில் காய்ந்து கிடந்த டேங்க் என்பதால் பயமில்லை என்று நினைத்து நெருப்பு வைக்க வேண்டாம். மடிப்புகளுக்குள் இருக்கும் பழைய பிசின் சூடு பட்டதும் ஆவியாகும். வெல்டிங் தேவைப்பட்டால், டேங்கை நீராவியில் கழுவி, மந்த வாயு நிரப்பிச் செய்யத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

கழற்றும்போது காக், மூடி, அளவுமானியின் மிதவை, ரப்பர் குழாய்கள் எல்லாம் வெளியே வந்துவிட வேண்டும். காக்கும் மூடியும் பெரும்பாலும் அலுமினியம் அல்லது துத்தநாகக் கலவை வார்ப்பு. துருவைக் கரைக்கப் பிறகு ஊற்றப்போகும் ஆசிட் பட்டால் அரித்துவிடும். காக் இருந்த துளைக்கு, 3 மி.மீ. ரப்பர் ஷீட்டை அதன் அடித்தளம் போல வெட்டி, மேலே ஒரு தகடு வைத்து அதே போல்ட்டுகளால் முடுக்கினால் சரியான அடைப்பு. மிதவைத் துளைக்கும் இதே முறைதான். மூடிவாய்க்கு ரப்பர் கார்க் பொருத்தலாம். ஆனால் ஆசிட் உள்ளே இருக்கும்போது வாயு வெளியேற வழி வேண்டும் என்பதால் அதை இறுக்கி அடைக்கக் கூடாது. பெயின்டைக் காப்பாற்ற வேண்டுமானால் முழு டேங்குக்கும் மெழுகு பாலிஷ் போட்டு, மூடிவாயைச் சுற்றி டேப்பும் பிளாஸ்டிக்கும் ஒட்டுங்கள்.

அடுத்தது எண்ணெய்ப் பசை நீக்குவது. ஆசிட் துருவைத்தான் தின்னும், பசையைத் தின்னாது. பழைய பெட்ரோல் காய்ந்து உண்டாகும் பிசின் மேலே இருந்தால், அடியில் இருக்கும் துருவை ஆசிட் தொடவே தொடாது. இதைத் தவிர்த்துவிட்டு நேராக ஆசிட் ஊற்றுவதால்தான் பலருக்குத் திட்டுத்திட்டாகத் துரு மிச்சமாகிறது. சுடுநீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, பாதி நிரப்பி, பத்து நிமிடம் குலுக்கிக் கொட்டுங்கள். நுரை வெளுக்கும்வரை மூன்று நான்கு முறை. பிசின் கெட்டியாக இருந்தால் முதலில் அரை லிட்டர் அசிட்டோனில் ஊறவைத்து வடித்து, டேங்க் முழுக்கக் காற்றாடிய பிறகு சோப்புத் தண்ணீர். இறுதியில் உள்ளே ஊற்றிய தண்ணீர் சுவரில் முத்து முத்தாக நிற்காமல் படர்ந்து வழிந்தால் பசை போய்விட்டது.

செதில் துரு இருந்தால் ஆசிட்டுக்கு முன் குலுக்கல் தேவை. நட்டு, ஸ்க்ரூ என்று கைப்பிடி அள்ளிப் போடுவார்கள். உள்ளே தடுப்புத் தகடுகள் இருக்கும் டேங்கில் அவை சிக்கிக்கொண்டால் எடுக்க முடியாது. ஒரு மீட்டர் நீளமுள்ள சங்கிலியின் நுனியில் கம்பி கட்டிப் போடுவதே நல்லது. இழுத்தால் மொத்தமாக வந்துவிடும். நட்டுதான் போடுவது என்றால் எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள். மணலும் கல்லும் வேண்டவே வேண்டாம். மடிப்பில் புகுந்த மணல் பின்னாளில் ஜெட்டில் வந்து நிற்கும். ஒரு லிட்டர் சோப்புத் தண்ணீரோடு சங்கிலியைப் போட்டு, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, மொத்தம் அரை மணி நேரமாவது குலுக்க வேண்டும். கை ஓய்ந்துபோகும் வேலைதான், ஆனாலும் ஆசிட் செலவைப் பாதியாக்கும்.

இனி ஆசிட். கழிப்பறை கழுவப் பயன்படும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை எடுத்து ஊற்றும் பழக்கம் எங்கும் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் டேங்க் வெள்ளிபோலப் பளபளக்கும், உண்மைதான். ஆனால் துருவோடு நல்ல இரும்பையும் தின்கிறது. மெல்லிய அடித்தகட்டுக்கு அது தாங்காது. மடிப்புக்குள் தங்கிய குளோரைடு எவ்வளவு கழுவினாலும் முழுசாகப் போகாமல், பூச்சுக்கு அடியிலிருந்தே மறுபடி துருவைக் கிளப்பும். அதன் புகை பட்டால் பக்கத்தில் இருக்கும் ஸ்பானர்கூடத் துருப்பிடிக்கும். அவசரம் என்றாலும் இதைத் தொடாதீர்கள்.

என் தேர்வு சிட்ரிக் ஆசிட். பொடியாகக் கிடைக்கும், புகை கிடையாது, கையாள எளிது. லிட்டருக்கு 50 முதல் 100 கிராம். 15 லிட்டர் டேங்குக்கு லேசான துருவென்றால் 750 கிராம், தடித்த துருவென்றால் ஒன்றரைக் கிலோ. சுமார் 60 டிகிரி சூட்டில் இருக்கும் தண்ணீரில் தனி வாளியில் கரைத்து, டேங்கை வாய்வரை நிரப்புங்கள். கூரைத் துருவை மறந்துவிட வேண்டாம். முக்கால் பாகம் நிரப்பினால் கூரை அப்படியே இருக்கும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து, கொஞ்சம் வடித்து மறுபடி ஊற்றிக் கலக்கிவிடுங்கள். 12 முதல் 24 மணி நேரத்தில் சாம்பல் நிற உலோகம் தெரிய வேண்டும். கரைசல் கரும்பச்சையாகிக் குமிழி நின்றுபோனால் அதன் வலு முடிந்தது; மிச்சத் துரு இருந்தால் புதிதாகக் கலக்க வேண்டும், பழையதையே நாள்கணக்கில் விட்டு வைப்பதில் பயனில்லை. சுவரில் படியும் கறுப்புப் படலம் துரு அல்ல, குலுக்கிக் கழுவினால் போய்விடும்.

பாஸ்பாரிக் ஆசிட்டுக்கு இன்னொரு குணம் உண்டு. துருவைக் கரைப்பதோடு, இரும்பின் மேல் மெல்லிய பாஸ்பேட் படலத்தை விட்டுச் செல்லும். அந்தச் சாம்பல் படலத்தில் பூச்சு நன்றாகப் பிடிக்கும். பூசப் போகும் டேங்குக்குக் கடைசியாக ஒரு முறை இதை ஊற்றிச் சுழற்றுவது பயனுள்ளது. வினிகரும் வேலை செய்யும், நாள்கள் ஆகும். ஒன்றை மட்டும் தெரிந்து வையுங்கள்: சில டேங்குகளின் உட்புறத்தில் தொழிற்சாலையிலேயே துத்தநாகமோ ஈயக் கலவையோ முலாமிட்டிருப்பார்கள். மிச்சமிருக்கும் துத்தநாக முலாமை ஆசிட் கரைத்துவிடும். துரு முலாமை முன்பே தின்ற இடங்களில் காப்பு ஏற்கெனவே இல்லை. ஆசிட் கழுவிய டேங்க் முன்பைவிடச் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று எண்ணித்தான் அடுத்த வேலைகளைத் திட்டமிட வேண்டும்.

பொறுமை இருப்பவர்களுக்கு மின்பகுப்பு. நல்ல இரும்பைத் தொடாமல் துருவை மட்டும் விலக்குவது இதன் சிறப்பு. லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா கரைத்து டேங்கை நிரப்பி, மூடிவாய் வழியாக ஒரு சாதாரண இரும்புக் கம்பியை, டேங்கைத் தொடாதபடி மரக்கட்டையிலோ ரப்பரிலோ நிறுத்தி இறக்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் டேங்குக்கு, பாசிட்டிவ் கம்பிக்கு. மாற்றிக் கொடுத்தால் டேங்க்தான் கரையும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி கூடாது, நச்சுள்ள குரோமியம் கலந்த கழிவு உண்டாகும். ஹைட்ரஜன் வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும் என்பதால் கிளிப்பைப் பிடுங்கிப் பொறி வரவழைக்காமல், சுவர் சுவிட்சை முதலில் அணையுங்கள். கம்பியில் சேறு மூடினால் மின்னோட்டம் குறையும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துத் தேய்க்க வேண்டும். கம்பிக்கு நேரே தெரியும் சுவர்தான் நன்றாகச் சுத்தமாகும், தடுப்புத் தகட்டின் மறைவில் துரு நிற்கும்.

ஆசிட்டை வடித்த அடுத்த நிமிடமே தண்ணீரால் அலசி, லிட்டருக்கு 20 கிராம் சமையல் சோடா கரைத்த தண்ணீரை நிரப்புங்கள். நுரைக்கும், ஆகவே மூடிவாயை அடைக்காதீர்கள். அந்தத் தண்ணீரில் சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்தால் அதுவே கசிவுச் சோதனையும் ஆகிவிடும். சோப்பு கலந்த நீர் வெறும் நீர் நுழையாத ஊசித்துளையிலும் இறங்கும். வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு, கீழே காகிதம் விரித்து, ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். அதுவரை ஒழுகாத டேங்க் இப்போது ஒழுகினால் ஆசிட்டைக் குறை சொல்ல வேண்டாம். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பது; ஓட்டையை அதுவேதான் அடைத்து வைத்திருந்தது. கம்ப்ரஸர் காற்றை அடித்துச் சோதிப்பது தவறு. சதுர சென்டிமீட்டருக்கு 0.1 கிலோ அழுத்தம் என்பது கேட்கச் சின்னதாக இருக்கலாம். 30க்கு 30 சென்டிமீட்டர் தகட்டின்மேல் அது 90 கிலோ. டேங்க் உப்பிப்போகும்.

ஊசித்துளை இருந்தால் இந்தக் கட்டத்தில்தான் ஈயப்பற்றோ பித்தளைப் பற்றோ வைக்க வேண்டும். நெருப்பு விஷயத்தில் முன்பு சொன்ன எச்சரிக்கை இங்கும் பொருந்தும். பூச்சுக்குப் பிறகு சூடு காட்டினால் பூச்சு எரியும்.

வேலையின் மிகக் கடினமான பகுதி உலர்த்துவது. சுத்தமான ஈர இரும்பு பத்து நிமிடத்தில் மஞ்சள் படலம் பூணும். கடைசி அலசலைச் சுடுநீரில் செய்தால் தகடே சூடேறி, ஈரம் தானாக ஆவியாகத் தொடங்கும். உடனே ஹேர் டிரையரையோ, ஊதும் பக்கம் மாற்றிய வேக்குவம் கிளீனரையோ மூடிவாயில் வைத்து, காக் துளை வழியே காற்று வெளியேறும்படி ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். இன்னொரு வழி, அரை லிட்டர் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலையோ அசிட்டோனையோ ஊற்றி எல்லாப் பக்கமும் சுழற்றி வடிப்பது. மடிப்புக்குள் இருக்கும் தண்ணீரை அது இழுத்து வரும். ஆனால் இரண்டு வழியையும் கலந்துவிடாதீர்கள். ஆல்கஹால் ஆவி இருக்கும் டேங்கில் ஹேர் டிரையர் வைப்பது உயிர் போகும் வேலை. கரைப்பான் ஊற்றினால் திறந்தவெளியில் தானாகக் காயவிட வேண்டும்.

இங்கே நின்று யோசியுங்கள்: பூச்சு உண்மையில் தேவையா? ஓட்டை இல்லை, ஆழமான குழிகள் இல்லை, வண்டி வாரம் தவறாமல் ஓடும் என்றால் தேவையில்லை என்பதே என் முடிவு. உலர்ந்த உடனே 100 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயிலை ஊற்றிச் சுழற்றி, டேங்கைப் பெட்ரோலால் நிரப்பிவிட்டால் போதும். மோசமாகப் பிடித்த பூச்சைச் சுரண்டி எடுப்பது துருவை எடுப்பதைவிடப் பல மடங்கு பாடு. ஊசித்துளைகளோ, சுத்தம் செய்தும் கறுத்த புள்ளிகளாக நிற்கும் குழிகளோ, மாதக்கணக்கில் நிற்கப்போகும் வண்டியோ என்றால் பூசலாம்.

பூச்சில் இன்று இரண்டு வகைதான் கவனிக்கத் தக்கவை. ஒன்று, ஒரே டப்பாவில் வரும் பாலியூரித்தேன். காற்றின் ஈரத்தை எடுத்து இறுகுவது. தகட்டில் துளி ஈரம் இருந்தாலும் அது கரியமில வாயுக் குமிழிகளாக எழும்பி, பூச்சு பஞ்சு போலாகிவிடும். இரண்டாவது, இரு பாகம் கலக்கும் எபாக்சி. எத்தனாலைத் தாங்கும் என்று டப்பாவில் எழுதியிருப்பதைத்தான் வாங்க வேண்டும். சாதாரண ஒட்டுவேலை எபாக்சியைப் பெட்ரோல் மெல்ல இளக்கிவிடும். எபாக்சியைக் கண்ணளவில் கலக்காமல் தராசில் நிறுத்துக் கலக்கவும். கலந்ததும் உடனே டேங்கில் ஊற்றிவிடவும். கிண்ணத்தில் கும்பலாக நின்றால் அதன் சூட்டிலேயே கெட்டியாகிவிடும். தகட்டின் சூடு 20 டிகிரிக்குக் குறைந்தால் எபாக்சி தேன் போலத் தடித்து மூலைகளுக்குப் போகாது. இருபது லிட்டருக்குள் அடங்கும் டேங்குக்கு ஏறத்தாழ 250 மில்லி போதுமானது. இருந்தாலும் டப்பாவில் சொன்ன அளவே கடைசி வார்த்தை.

ஊற்றுமுன் காக் துளையின் மரைகளிலும் மூடிவாயின் விளிம்பிலும் மெல்லிதாக வாசலின் தடவுங்கள். அது துளி உள்ளே இறங்கினாலும் அங்கே பூச்சு ஒட்டாது. சில டேங்குகளில் மூடிவாயிலிருந்து அடிவரை ஒரு வடிகால் குழாய் போகும். அதில் பூச்சு புகுந்தால் அடைந்துவிடும். ரப்பர் குழாய் மாட்டி, வேலை நடக்கும்போதும் முடிந்த பிறகும் அதில் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். கையுறை, கண்ணாடி, கரைப்பான் ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் உள்ள முகமூடி மூன்றும் அவசியம். பாலியூரித்தேன் தோலில் பட்டுக் காய்ந்தால் தோல் உரிந்து மாறும்வரை போகாது.

ஊற்றிய பிறகு குலுக்கக் கூடாது, குலுக்கினால் காற்றுக் குமிழி சேரும். அடி, இடம், வலம், முன், பின், கூரை என்று ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு மூன்று நிமிடம் படுக்க வைத்து, மெதுவாக இருபது நிமிடம் திருப்புங்கள். பிறகு காக் துளை கீழே வரும்படி நிறுத்தி, மிச்சத்தை முழுவதும் வடியவிடுங்கள். அதிகமாக இருந்தால் பலம் அதிகம் என்று நினைத்து உள்ளேயே விடுவதுதான் பூச்சு கெடுவதற்கு முதல் காரணம். குளமாகத் தேங்கிய பூச்சு மேல்தோல் மட்டும் காய்ந்து உள்ளே பிசுபிசுப்பாகவே இருக்கும். பெட்ரோல் பட்டதும் தகடு தகடாகக் கிளம்பும். அரை மணி நேரம் கழித்து டேங்கைத் திருப்பிப் பார்த்து, தேங்கிய இடத்தை மறுபடி வடியுங்கள். வடிந்ததை டப்பாவில் திரும்ப ஊற்றினால் மீதியும் கெட்டுவிடும். காக் துளையில் கம்பி விட்டு வழியைத் திறந்து வையுங்கள். பெயின்டில் சிந்தியதை அந்த நொடியே தின்னர் நனைத்த துணியால் துடைக்க வேண்டும்.

நான்கு நாள் காயவிடுங்கள், மூடி திறந்தபடி. ஈரக் குளிர்காலம் என்றால் ஒரு வாரம். மூடிவாயில் மூக்கை வைத்தால் கரைப்பான் நெடி அடித்தால் இன்னும் காயவில்லை. மேலே விரல் நகத்தால் கீறிப் பார்ப்பது போதாது, அடிமூலைதான் கடைசியில் காயும்.

மாட்டும்போது பழைய ஓ ரிங், கேஸ்கெட், பெட்ரோல் குழாய் எதையும் திரும்பப் போடாதீர்கள். காக்கின் வலை புதிதாக இருக்கட்டும். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவாமல் புது டேங்கோடு இணைத்தால் கிண்ணத்தில் இருக்கும் பழைய துருவே மறுபடி தொல்லை தரும். முதலில் ஒரு லிட்டர் பெட்ரோல் ஊற்றி, குலுக்கி, வெள்ளைத் துணி வழியாகக் கண்ணாடிப் பாத்திரத்தில் வடித்துப் பாருங்கள். துணியில் பொடி நின்றால் இன்னொரு லிட்டர். தெளிவாக வந்தால் நிரப்பலாம். குழாயில் உள்ளே தெரியும் ஃபில்டர் ஒன்றைப் பொருத்தி, முதல் 500 கிலோமீட்டர்வரை வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். ஆரஞ்சுப் பொடி தெரிந்தால் துரு மிச்சம். நிறமற்ற செதில் தெரிந்தால் பூச்சு கிளம்புகிறது, வண்டியை நிறுத்திவிட்டு டேங்கைத் திறக்க வேண்டும். வடித்த ஆசிட்டையும் பெட்ரோல் கலந்த சேற்றையும் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல், கழிவு ஆயில் வாங்கும் இடத்தில் கேட்டு ஒப்படையுங்கள்.

சில வாரங்களுக்கு நிறுத்துவதென்றால் டேங்கை வாய்வரை நிரப்பி வையுங்கள். காற்றுக்கு இடமில்லாவிட்டால் வியர்வையும் இல்லை. மாதக்கணக்கில் என்றால் எத்தனால் கலந்த பெட்ரோலை உள்ளே விடாமல் முழுக்க வடித்து, காயவிட்டு, 50 மில்லி ஆயில் சுழற்றி மூடுங்கள். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மழைநீர் இறங்குவது அந்த வழியாகத்தான். அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.